நிராகரிப்பில் முதலிடம்

சில்லறைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே நாளில் இடம் கிடைத்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பழம் ஒரே நேரத்தில் விழுந்தால் பால் தரைக்குப் போய்விடும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சில்லறை என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். தவழ்கிற வயதில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து விழுந்த நாணயம் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டாள். பொறுத்திருந்து பாருங்கள் என்றார் மருத்துவர். குடும்பமே பொறுத்திருந்து பார்த்தது. நாணயம் வந்து சேர்ந்தது. போட்ட முதல் குறையாமல் திரும்பி வந்தது அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அந்த ஒரு தடவைதான். ஆகவே, வளர்ந்து அவள் நிதியியல் படிக்க ஆசைப்பட்டபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. மேசைக்குப் பின்னால் இரும்புக் கயிற்றுச் சுருள்கள், பக்கத்தில் க்ரீஸ் டப்பாக்கள், முன்னால் ஒரு தொலைபேசி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு மெக்கானிக்குகளுக்குப் போவதற்குப் பதிலாகப் பாதி நேரம் அவளுக்குத்தான் வரும். பதறாதீர்கள், கீழே உட்காருங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் அதே கட்டடத்துக்கு பில் போட்டுக்கொண்டிருப்பாள்.

கம்பெனியின் நிதி மேலாளர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலிக்குக் கைப்பிடியும் உண்டு, சக்கரமும் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார முதலாளியின் மருமகன் தயாராக இருந்தார். தயாராக இருந்தார் என்றால், இப்போதே மதிய வேளைகளில் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வரவுசெலவுக் கூட்டத்தில் தேய்மானம் அதிகமாகியிருக்கிறது என்று மேலாளர் சொன்னதற்கு, க்ரீஸ் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டவர் அவர். முதலாளி அன்று சாயங்காலமே சில்லறையைக் கூப்பிட்டனுப்பினார்.

“நிதியியல்ல ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு வந்துடும்மா. அந்த சீட்டு உனக்குத்தான். ஆனா பெரிய இடமா இருக்கணும். எம் பொண்டாட்டி வாயை அடைக்கற அளவுக்குப் பெரிய இடம்” என்றார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இல்லேன்னா மாப்பிள்ளை வந்து உட்காருவார். உனக்கு வேலை இருக்காது. எனக்குக் கம்பெனி இருக்காது.”

பெரிய இடம் என்று அந்த ஊரில் இருந்தவை இரண்டுதான். ஒன்று மேட்டின்மேல் இருந்தது, மற்றது ஆற்றங்கரையில். கொடையாளிகளின் பெயர்களையெல்லாம் கோத்து இரண்டுக்கும் நீளநீளமான பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊரார் மேட்டுப் பல்கலை, ஆற்றுப் பல்கலை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் ஆகாது. காரணம் ஒரு பத்திரிகை. வருடாவருடம் அது பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும். என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், படித்தவனுக்கு ஏதாவது தெரிகிறதா என்பதையெல்லாம் அளக்க நேரமாகும். ஆகையால் அந்தப் பத்திரிகை இரண்டே கேள்விகள் கேட்டது. எத்தனை பேரை வேண்டாம் என்று சொன்னீர்கள்? உங்களை எத்தனை பேர் வேண்டாம் என்று சொன்னார்கள்? முதலாவது கூடக்கூட மதிப்பு ஏறும். இரண்டாவதில் ஒரே ஒருவர் இருந்தாலும் மானம் போகும். பல்கலைக்கழகங்களை எடைபோட இதைவிடச் சுலபமான தராசு கிடையாது. கல்யாணத் தரகர்கள்கூடக் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் வேண்டும் என்று கேட்க ஆள் வேண்டுமல்லவா. மேட்டுப் பல்கலை விண்ணப்பப் படிவங்களை முடிதிருத்தும் கடைகளில் வைத்தது. ஆற்றுப் பல்கலை மருத்துவமனைகளில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கியது. அதுவும் போதாமல் போகவே மேட்டுப் பல்கலை ஒரு புரட்சி செய்தது. விண்ணப்பம் என்ற சடங்கையே எடுத்துவிட்டு, தொலைபேசி எண் உள்ள எல்லோரையும் நேரடியாக நிராகரிக்கத் தொடங்கியது.

சில்லறையின் அண்ணன் பஸ் டிரைவர். அவன் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. ஒருநாள் கடிதம் வந்தது. ‘தங்களுடைய அபாரமான தகுதிகளை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்’ என்று தொடங்கி, ‘வருந்துகிறோம்’ என்று முடிந்திருந்தது. அவனைப் பற்றி அதுவரை யாரும் அபாரம் என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினான். அன்று முதல் அவன் பெருமூச்சு விடுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

“நூலிழையில போச்சு” என்று வருகிறவர்களிடம் சொல்வான்.

“எதுங்க நூலிழை? நீங்க பேனாவையே தொடலையே” என்பாள் அண்ணி.

அண்ணிக்கு விலங்கு மருத்துவமனையில் வரவேற்பு வேலை. அங்கே சிகிச்சைக்கு வந்த நாய் ஒன்றின் பெயருக்கும் கடிதம் வந்திருந்ததாகச் சொன்னாள். நாயின் உரிமையாளர் மனமுடைந்து போனாராம். நாய் தாங்கிக்கொண்டதாம்.

இப்படி ஊரையே வடிகட்டி ஊற்றிய இரண்டு இடங்களும் சில்லறையைச் சேர்த்துக்கொண்டன. நிதியியல் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மற்றவர்கள் உலகப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப்போவதாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்க, இவள் ‘ஒரு நாற்காலிக்காக’ என்று எழுதியிருந்தாள். பேராசிரியர்கள் அதில் பெரிய தத்துவம் இருப்பதாக முடிவு செய்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், தவறினால் இடம் போய்விடும் என்று இரண்டு கடிதங்களும் ஒரே குரலில் எச்சரித்தன. அதற்குமுன் நேரில் வந்து பார்க்கும்படியும் அழைத்திருந்தன.

முதலில் மேட்டுக்குப் போனாள். நிதியியல் புலம் கண்ணாடிக் கட்டடம். வாசலில் லிஃப்ட். லிஃப்டுக்கு முன்னால் சீருடையில் ஒரு காவலர், கையில் படிவம். லிஃப்டில் ஏற விரும்புவதற்கான காரணத்தைச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேட்டார். மேலே போகணும் என்று எழுதினாள். அவர் அதைப் படித்து, உதட்டைப் பிதுக்கி, காத்திருப்போர் வரிசையைக் காட்டினார்.

சில்லறைக்குத் தொழில்புத்தி. உள்ளே எட்டிப் பார்த்தாள். எட்டுப் பேர் ஏறலாம் என்று தகடு அடித்திருந்தது. இரண்டே பேருடன் லிஃப்ட் மேலே போனது. ஏன் இடம் வைத்துக்கொண்டு ஆளை நிற்க வைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

காவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “எட்டுப் பேரை ஏத்தினா அது வெறும் லிஃப்டும்மா. ரெண்டு பேரை ஏத்தினாத்தான் மேட்டுப் பல்கலை.”

படியேறிப் போனாள். படிக்கட்டு நிராகரிக்கப்பட்டவர்களுக்கானது. அதில்தான் பேராசிரியர்கள் பலரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

பெரிய அரங்கத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். எதிலும் ஆளில்லை. சீக்கிரம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன. இசை ஒலித்தது. கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு புலத்தலைவர் மேடையேறி, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, “அன்பார்ந்த மாணவச் செல்வங்களே” என்றார். சில்லறை திரும்பிப் பார்த்தாள். பின்னாலும் யாருமில்லை.

புலத்தலைவர் தாழ்ந்த குரலில், துக்க வீட்டில் பேசுவதுபோலத் தொடங்கினார். சென்ற ஆண்டு நாம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரை நிராகரித்தோம். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் தொண்ணூற்றெட்டு. அந்த அடியிலிருந்து இந்த நிறுவனம் இன்னும் எழவில்லை. ஆகவே இந்த ஆண்டு ஒரே ஒருவரை மட்டும் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். அந்த ஒருவர் இந்த அவையில் இருக்கிறார்.

அவர் அவையெங்கும் பார்வையை ஓட்டித் தேடி, கடைசியில் சில்லறையிடம் வந்து நிறுத்தினார்.

“எங்களை விமர்சிப்பவர்கள், இவர்கள் பாடமே நடத்துவதில்லை என்கிறார்கள். நான் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நாங்கள் ஏன் நடத்த வேண்டும்? நாங்கள் தேர்ந்தெடுப்பவர் ஏற்கெனவே கெட்டிக்காரர். அவருக்கு நாங்கள் எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய், அதனால் அவர் கெட்டுவிட்டால் யார் பொறுப்பு? மருத்துவரின் முதல் கடமை கெடுதல் செய்யாதிருப்பது. எங்களுக்கும் அதுவே. இரண்டாண்டுகள் அவரை அப்படியே, ஒரு கீறல் விழாமல் வைத்திருந்து, வங்கிகளிடம் ஒப்படைக்கிறோம்.”

பலத்த கைதட்டல் ஒலித்தது. அது ஒலிப்பதிவு.

கேள்வி நேரத்தில் சில்லறை எழுந்து, முதல் வருடத்தில் என்னென்ன பாடம் என்று கேட்டாள். நகைக்கடையில் உருளைக்கிழங்கு கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் புலத்தலைவர். மேடையோரம் நின்ற ஊழியர் ஒருவரிடம் ஏதோ கேட்டார். அவர் இன்னொருவரிடம் கேட்டார். கடைசியில், பாடத்திட்டம் ரகசியமானது, பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கிறது, சாவி வைத்திருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று தெரியவந்தது.

கிளம்பும்போது, வேறெங்காவது இடம் கிடைத்திருக்கிறதா என்று புலத்தலைவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். சில்லறைக்குப் பொய் சொல்ல வராது. ஆற்றுப் பல்கலையிலும் கிடைத்திருக்கிறது, எதில் சேர்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். யோசிக்கிறாளா? அப்படியானால் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். சேர்த்த ஒரே ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தரவரிசையில் மேட்டுப் பல்கலை மேட்டிலிருந்து உருண்டுவிடும். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுவும் இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது, தண்ணீர் இயந்திரத்துக்கும் நுழைவுத்தேர்வு இருந்தது.

மறுநாள் ஆற்றுப் பல்கலை. வாசல் வளைவில் ‘எல்லோருக்கும் அல்ல’ என்று கல்லில் செதுக்கியிருந்தார்கள். உள்ளே கூட்டிப்போய் அவளை உட்கார வைத்த வரவேற்பு அதிகாரி, தான் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்களேன் என்றாள். தன்னுடைய நாற்காலிக்குத் தானே விண்ணப்பித்திருப்பதாகவும், காத்திருப்போர் பட்டியலில் பெயர் மேலே வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். கழிவறைக்கு வெளியே தகுதி அடிப்படையில் ஆட்களை உள்ளே விட்டார்கள். அங்கே நின்ற முதிய பேராசிரியர் ஒருவரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய ஆய்வுத் தாள் ஒன்று அண்மையில் திருப்பி அனுப்பப்பட்டிருந்ததாம், அதனால் தரவரிசையில் இறங்கிவிட்டார்.

ஆற்றுப் பல்கலையின் புலத்தலைவி புன்னகையே வடிவானவர். மேட்டுக்காரர்கள் ஒருவரைச் சேர்ப்பதாக ஒற்றர்கள் மூலம் தெரிந்ததும் தாங்களும் ஒருவரோடு நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார். அரையாகக் குறைக்கவும் பேச்சு நடந்ததாம். எந்தப் பாதி என்பதில் பேராசிரியர்களுக்குள் உடன்பாடு வரவில்லை.

இங்கே நான் என்ன படிப்பேன் என்று கேட்டாள் சில்லறை.

“நல்ல கேள்வி” என்றார் புலத்தலைவி. “முதல் ஆண்டு, நீங்கள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள் என்பதைப் புரிந்துகொள்கிறீர்கள். இரண்டாம் ஆண்டு, தேர்ந்தெடுக்கப்படாதவர்களோடு எப்படிப் பழகாமல் இருப்பது என்று பயிற்சி. நடுவில் ஒரு சின்ன இடைவேளை உண்டு. அதில் விரும்பியவர்கள் கணக்கு ஏதாவது போட்டுப் பார்க்கலாம்.”

அவரும் கிளம்பும்போது வேறெங்காவது கிடைத்திருக்கிறதா என்று கேட்டார். அவளும் உண்மையைச் சொன்னாள். புன்னகை அப்படியே இருந்தது, மற்ற பாகங்கள்தான் வெளுத்துப்போயின.

அன்று முதல் சில்லறைக்கு நிம்மதி போயிற்று. அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நடுவே பேராசிரியர்கள் பேசினார்கள். யாருக்குப் பதறாதீர்கள் என்று சொல்கிறோம் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

வீட்டுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் மேட்டுப் பல்கலையின் சின்னம் பொறித்த குடையோடு. இன்னொருவர் ஆற்றுப் பல்கலையின் சின்னம் பொறித்த தண்ணீர் பாட்டிலோடு. அண்ணி இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே வந்து சொன்னாள்: “எங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ரெண்டை ஒண்ணா உட்கார வைக்க மாட்டோம். வாயை மூடிக் கட்டிட்டுத்தான் வைப்போம்.”

அண்ணன் மேட்டு அதிகாரியிடம் சட்டம் போட்ட கடிதத்தைக் காட்டினான். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். ‘அந்த வருஷம் நல்ல வருஷம்’ என்றார்.

அதிகாரிகள் தனித்தனியாக அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். இருவரும் சொன்னது ஒன்றேதான். எங்களிடம் வாருங்கள், வந்தால் சந்தோஷம். வரவில்லை என்றாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு சின்ன உதவி.

“வரலைன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க மேடம்” என்றார் குடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு. “நீங்க வேணாம்னு சொல்றதுக்குள்ள நாங்க வேணாம்னு சொல்லிடறோம்.”

அவர்கள் போனபிறகு வீட்டில் ஆலோசனை நடந்தது. அண்ணன் மேட்டுப் பல்கலைதான் என்றான். “என்னையே வேணாம்னு சொன்ன இடம். தரமில்லாமலா இருக்கும்?” அண்ணி, இரண்டும் ஒரே குட்டை, ஒரே மட்டை, பஸ் எது பக்கத்தில் நிற்கிறதோ அதில் சேர் என்றாள். வேலையை விடாமல் படிக்க வேண்டும், நாற்காலி கைநழுவிப் போகாமல் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்பதால் சில்லறைக்கு அண்ணி சொன்னதுதான் சரியாகப் பட்டது. அலுவலகத்திலிருந்து ஆற்றங்கரைக்கு ஒரே பஸ். நிதியியல் உயர்கல்வியில் அவள் எடுத்த முதல் முடிவு அது. காரணத்தோடு எடுக்கப்பட்ட முடிவு அந்த வாரம் முழுக்க அந்த ஒன்றுதான்.

ஆனால் அவள் முடிவெடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் மேட்டில் இடர்ப்பாட்டுக் குழு கூடியிருந்தது. இடர் மேலாண்மைப் பேராசிரியர் பலகையில் படம் வரைந்து விளக்கினார். மாணவி வந்தால், நாம் ஒருவரைச் சேர்த்தவர்கள் ஆவோம். ஆற்றுக்காரர்கள் யாரையும் சேர்க்காதவர்கள் ஆகி, முதலிடம் அவர்களுக்குப் போகும். மாணவி வராவிட்டால் நாம் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஆவோம், அது மரணம். ஆக, வந்தாலும் நட்டம், வராவிட்டாலும் நட்டம். இடரே இல்லாத ஒரே வழி, மாணவர் என்ற இடரையே நீக்கிவிடுவது. குழு மெய்சிலிர்த்துப்போய் ஒருமனதாக ஏற்றது.

ஆற்றங்கரையிலும் குழு கூடியது. அங்கிருந்த இடர் மேலாண்மைப் பேராசிரியர் மேட்டுக்காரரின் கல்லூரித் தோழர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதித் தேறியவர்கள். அவரும் அதே படத்தைத்தான் வரைந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சில்லறை அலுவலகத் தொலைபேசியிலிருந்து ஆற்றுப் பல்கலையைக் கூப்பிட்டாள். நான் உங்களிடமே சேர்வதாக முடிவு செய்திருக்கிறேன் என்று சொன்னாள்.

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்றது மறுமுனை. “உங்களை நிராகரிச்சுட்டோம்.”

நான் வருகிறேன் என்றுதானே சொன்னேன் என்றாள். அதனால்தான் சந்தோஷம் என்று சொன்னதாக மறுமுனை விளக்கியது. உடனே மேட்டுப் பல்கலையைக் கூப்பிட்டாள். அங்கே யாராலும் சரியாகப் பேசவே முடியவில்லை, பின்னணியில் கைதட்டல். இந்த முறை ஒலிப்பதிவு இல்லை, உண்மையாகவே தட்டினார்கள்.

ஒரு மாணவரைக்கூடச் சேர்க்காத உலகின் முதல் இரண்டு பல்கலைக்கழகங்கள் என்று பத்திரிகை சிறப்பிதழ் போட்டது. இரண்டுக்கும் சேர்த்து முதலிடம். கொடியேற்றினார்கள். ஆற்றின் இரு பக்கமும் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்கள். இனி எங்கள் வகுப்பறைகளில் தரக்குறைவான ஒரு கேள்வியும் எழாது என்று மேட்டுப் புலத்தலைவர் முழங்கியது ஆற்றைத் தாண்டிக் கேட்டது. எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகமும் இனிமேல் அழுக்காகாது என்று புலத்தலைவி முழங்கியது திரும்பிப் போனது.

சில்லறை முதலாளியின் அறைக்குப் போனாள். நேரம் பார்த்து முதலாளியம்மாவும் மருமகனும் அங்கே இருந்தார்கள். மருமகன் நிதி மேலாளரின் நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, முதலாளியின் தலை மேசையை நோக்கிச் சரிந்துகொண்டே போனது.

ஆனால் முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டுமா?”

ஆமாம் என்றாள் சில்லறை.

“சேர்த்துக்கறேன்னு சொல்லி, கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசிட்டு, அப்புறமா வேணாம்னாங்களா?”

அதற்கும் ஆமாம் என்றாள். இன்னும் கொஞ்சம் போனால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

முதலாளியம்மா மருமகனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் மேட்டுப் பல்கலையிலிருந்து நிராகரிப்புக் கடிதம் வந்து, அதை விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அந்தக் குடும்பம். ஆனால் அது ஒன்றே ஒன்று. அதுவும் தொலைபேசி எண் இருந்ததற்காக வந்தது. நேரில் வரவழைத்து, பேர் சொல்லி, குழு கூட்டி, இரண்டு இடத்திலும் நிராகரிக்கப்பட்டவர் என்று முதலாளியம்மா யாரையும் கேள்விப்பட்டதே இல்லை.

“மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிங்க” என்றார். “அந்தப் பொண்ணு நிக்குது பாருங்க.”

முதலாளி தலையை நிமிர்த்தினார். வியாபாரி அல்லவா, சந்தை ஏறியிருக்கும்போதே விற்றுவிடத் தெரிந்தவர். இந்தப் பெண்ணுக்குத்தான் அந்த நாற்காலி என்று மனைவியின் வாயாலேயே சொல்ல வைத்தார். பட்டம் மட்டும் ஒன்று வேண்டும், சட்டப்படி வேண்டும், இனி எங்கே வாங்கினாலும் சரி என்று முடிந்தது. அதற்குமேல் அவளுக்குத் தகுதி ஒன்றும் தேவையில்லை என்றார் முதலாளியம்மா.

எங்கே வாங்குவது? அண்ணிக்குத் தெரிந்த ஒரே இடம் செருப்புக்கடை மாடியில் இருந்த மாலை நேரக் கல்லூரி. அரசாங்க அங்கீகாரம் உண்டு. வேறொன்றும் கிடையாது. சில்லறை போய் நின்றபோது, சாக்பீஸ் தூள் படிந்த ஓர் அம்மா பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே பேர் கேட்டு எழுதினார். அந்த ஃபேனுக்கு அடியில் உட்காராதே, ஆடுகிறது என்றார். சில்லறை நகரவில்லை.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“வேற என்ன?”

“இன்டர்வியூ, தேர்வு…”

“அதான் உள்ள வந்துட்டியே” என்றார் அந்த அம்மா. “போய் உட்காரு. கூட்டுவட்டி ஆரம்பிச்சாச்சு.”

அண்ணனுக்குத்தான் மனசே ஆறவில்லை. “என்னைக்கூட சேர்த்துப்பாங்க போலிருக்கு. அதெல்லாம் ஒரு காலேஜா?” என்று புலம்பினான்.

சில்லறைக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் தேய்மானம் வந்தது, இருப்புநிலை வந்தது, கடன்பத்திரம் வந்தது, கூசுவதற்கு நேரமில்லாமல் போனது. மழை பெய்தால் கூரை ஒழுகி, கீழேயிருந்து தோல் வாசனை ஏறும். கணக்குத் தப்பாகப் போட்டவர்களை அந்த அம்மா பேர் சொல்லித் திட்டினார். யாரையும் வெளியே மட்டும் அனுப்பவில்லை.

மாதம் பிறந்து கொஞ்ச நாளில் கடைசி பெஞ்சுக்குப் புதிதாக இருவர் வந்தார்கள். ஓர் ஆண், தொப்பியைக் கண்வரை இறக்கியிருந்தார். ஒரு பெண், வகுப்புக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. வகுப்பு முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவார்கள். ஒருநாள் சில்லறை தவறவிட்ட பேனாவை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது, தொப்பிக்குள் இருந்தவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். மேட்டுப் பல்கலையின் புலத்தலைவர். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்குள் ஆற்றுப் பல்கலையின் புலத்தலைவி. இருவருக்கும் நடுவே ஒரே நோட்டு. லாப நட்டக் கணக்கில் இருவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தார்கள்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லையாம். விசாரித்தபோது, சம்பளம் மாணவர்கள் கட்டும் பணத்திலிருந்து வருவதாகக் காசாளர் சொன்னாராம். அதை இருவரும் முதல்முதலாக அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். அவர்கள் படித்த எந்த ஆய்வுத் தாளிலும் அது இல்லை. நிர்வாகக் குழு வரவுசெலவு அறிக்கை கேட்டிருக்கிறது. இரண்டு புலங்களிலும் தேடியதில் அதைப் போடத் தெரிந்தவர் எவரும் அகப்படவில்லை.

“இங்க நல்லா சொல்லித்தர்றாங்க” என்றார் புலத்தலைவர், ஏதோ தகாத இடத்தில் பிடிபட்டவர்போல் தரையைப் பார்த்துக்கொண்டே. “வரவுன்னா எது, செலவுன்னா எது, ரெண்டும் தனித்தனியா புரியுது.”

“அப்ப நல்லதுதானே சார்” என்றாள் சில்லறை.

புலத்தலைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் கையைப் பிடித்தார்.

“ஒரு உதவி பண்ணும்மா. நாங்க இங்க படிக்கறது வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். யாராவது கேட்டா, வந்தோம், விண்ணப்பிச்சோம், எங்களை நிராகரிச்சுட்டாங்கன்னு சொல்லிடு.”